ஒன்பதாம் விதியும் ரோஸ் சயாமாவின் நாற்காலியும்

எங்கள் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்துக்கு விதிகள் உண்டு. அவற்றில் ஒன்பதாவது விதி இது: "பள்ளியில் ஓராண்டுக்குக் குறையாமல் பணியாற்றிய எவருக்கும், அவர் வகித்த பதவி எதுவாயினும், ஆசிரியர் வணக்க விழாவில் மேடைமீது நாற்காலி இடப்பட வேண்டும்." பர்மிய மொழியில் உள்ளதைத் தமிழில் தந்திருக்கிறேன். பிழை இருக்காது. மூலத்தைத் தட்டச்சு செய்தவன் நான்தான், அதுவும் மூன்று முறை. "முடிந்தவரை", "இடவசதியைப் பொறுத்து" போன்ற சொற்கள் அந்த விதியில் இல்லை. அவற்றை எங்கே நுழைக்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அதை எழுதினார்கள். நுழைக்கவில்லை என்றால் நுழைக்க வேண்டாம் என்றே விட்டிருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு விழா மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். பொருள்: பள்ளிப் பற்று. "இனிமையா ஒரு பக்கம் போதும் அங்கிள், பிரச்சினை எதுவும் வேணாம்" என்றார் சங்கச் செயலாளர். இனிமையாக ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். ஒன்பதாம் விதி குறுக்கே வந்து நின்றது. அதனால் அந்த மலருக்கு எழுதவில்லை. நம் தமிழ் இதழுக்கு எழுதுகிறேன்.

யாங்கோனில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களுக்கு இந்த விழாவை விளக்க வேண்டியதில்லை. வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மழை முடிந்து குளிர் வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளியில் படித்தவர்கள் அத்தனை பேரும் திரும்பி வருகிறார்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் விடுப்பு எடுத்து வருகிறார்கள். பேரன் எடுத்த ஆட்கள்கூட வெள்ளைச் சட்டையும் பச்சை லொஞ்சியும் கட்டிக்கொண்டு, பொத்தான் பூட்ட முடியாத வயிற்றோடு, பள்ளிப் பாட்டைத் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். மேடையில் பழைய ஆசிரியர்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். கீழே விரித்த பாயில் எல்லாரும் மண்டியிட்டு, உடலாலும் வாயாலும் மனத்தாலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள வேண்டும் என்று சொல்லி மூன்று முறை விழுந்து வணங்குவார்கள். அதற்குக் கடோ என்று பெயர். பிறகு வயதில் மூத்த ஆசிரியர் ஒருவர் அறிவுரை சொல்வார். யாரும் கேட்க மாட்டார்கள். அதன் பிறகு டான்பவு பிரியாணி.

மேடையில் நாற்காலி போடுவது எளிய வேலை என்று நினைக்காதீர்கள். முதல் வரிசை முன்னாள் தலைமையாசிரியர்களுக்கு. இரண்டாம் வரிசை பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு. மூன்றாவது மற்றவர்களுக்கு. ஒவ்வொரு வரிசைக்குள்ளும் பள்ளியில் சேர்ந்த ஆண்டின்படி வலமிருந்து இடமாக. ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் பெயர் எழுதிய அட்டை. மேடைப் படியில் செருப்பைக் கழற்றியதும் இரண்டு மாணவர்கள் முழங்கையைத் தாங்கி நாற்காலிவரை கொண்டுபோய் விடுவார்கள். நடக்க முடிந்தவர்களையும் அப்படித்தான். போர்வை, குடை, தைலப் புட்டி எல்லாம் வைத்த பரிசுக் கூடை, அட்டையில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் வரும். சுருக்கமாகச் சொன்னால், அட்டை இல்லாதவர் அந்தப் பள்ளியில் வேலை செய்யவே இல்லை.

என் கதை நீளமானதன்று. கொள்ளுத்தாத்தா துறைமுகத்துக்கு வந்தவர், அப்பா நகராட்சியில் வேலை பார்த்தவர். வீடு பபேடானில். அதே பள்ளியில் படித்தேன், அஞ்சல் வழியில் பட்டம் வாங்கினேன், மாவ்பியில் ஒரு பள்ளியில் எழுத்தராகச் சேர்ந்து கொசுக்கடியில் சம்பளப் பட்டியல் எழுதக் கற்றேன். பிறகு மாற்றலாகி என் பழைய பள்ளிக்கே வந்து, அலுவலகத் தலைவராக ஓய்வு பெற்றேன். பள்ளியில் என்னை, பெரியவர்களுக்கான மரியாதை அடைமொழி சேர்த்து, ஊ மாணிக்கம் என்பார்கள். கல்வித்துறைச் சுற்றறிக்கை ஒன்று சொல்லுங்கள், அதை ரத்து செய்த சுற்றறிக்கை எது என்று சொல்வேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை. சிலருக்குச் சளி பிடித்தால் விடாது, அதுபோல.

என் மேலதிகாரி டோ கின் மியா. தலைமையாசிரியை. நாங்கள் சயாமாஜீ என்போம். சயாமா என்றால் ஆசிரியை, சயாமாஜீ என்றால் பெரிய ஆசிரியை. அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். குரல் உயர்த்தியதில்லை. கூந்தலில் பூ இல்லாமல் பார்த்ததில்லை. கோப்பைக் கொண்டுபோய் வைத்தால் முதலில் என் அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று கேட்பார். பிறகு தாளை முழுக்க வாசிப்பார், உதடு அசையாமல். ஒப்புதல் என்றால் உடனே கையெழுத்து. ஒப்புதல் இல்லை என்றால் என்ன செய்வார் என்பதுதான் விஷயம். மேசையில் கண்ணாடியால் செய்த ஒரு தாள் எடை இருந்தது. உள்ளே ஒரு சிவப்பு மீன். அந்தத் தாளை எடுத்து மீனுக்கு அடியில் வைத்துவிட்டு, "பார்ப்போம், ஊ மாணிக்கம்" என்பார். மீனுக்கு அடியில் போன தாள் திரும்பி வந்ததில்லை. என் பணிக்காலம் முழுவதிலும் "மறுக்கப்பட்டது" என்ற சொல்லுக்குக் கீழே அவருடைய கையெழுத்தை நான் பார்த்ததே இல்லை. எவர் மனமும் நோகாமல் எவருக்கும் எதுவும் கொடுக்காமல் இருக்கும் அந்தத் திறமையை வேறு எவரிடமும் கண்டதில்லை.

அவருக்கு நேர் எதிர், உடற்பயிற்சி ஆசிரியை ரோஸ்லின். ரோஸ் சயாமா. மிஷன் பள்ளியில் படித்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். ஐந்தடி உயரம், கழுத்தில் விசில். எங்கள் பள்ளிக்குப் பற்று என்று ஒன்று இருந்தால் அதை உண்டாக்கியவர் அவர்தான். அவர் வருவதற்கு முன்னால் விளையாட்டு விழா என்றால் வெயிலில் நிற்பது. அவர் பெண் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு டிரம் குழு அமைத்தார். பிள்ளைகளைப் பிரித்திருந்த நாலு 'வீடு'களின் வண்ணங்களுக்கு ஏற்ப நாலு கூச்சல் சொல்லிக் கொடுத்தார். டிரம் முதல் அடி விழுந்ததும் தெருவில் பான் விற்பவர்கூட நிமிர்ந்து நிற்பார். ஆனால் அந்த முதல் அடி சயாமாவின் விசில் இல்லாமல் விழாது. மேடையில் எந்த விழா நடந்தாலும் அவர் இடது பக்கத் திரைக்கு அருகே நின்றுகொண்டே இருப்பார். விசில் அங்கேயிருந்துதான் வரும்.

அவருக்கு ஒரு விதி உண்டு. எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாதது. ஆட்டம் முடிந்தால் கை கொடுக்க வேண்டும். ஒரு முறை கால்பந்து இறுதி ஆட்டத்தில் எங்கள் பரம எதிரிப் பள்ளியிடம் சேற்றில் புரண்டு தோற்றோம். பையன்கள் எதிர்த்தரப்பைப் பார்த்துக் கையை முறுக்கினார்கள். சயாமா விசில் ஊதி, ஆடியவர்களை மட்டுமல்ல, பார்த்துக்கொண்டிருந்த முந்நூறு பிள்ளைகளையும் மைதானத்துக்குள் இறக்கினார். ஒவ்வொருவரும் எதிர்ப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்காவது கை கொடுத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்றார். அடிதடிக்குப் பதிலாக அரை மணி நேரம் கைகுலுக்கல் நடந்தது. பார்வையாளர் மைதானத்துக்குள் இறங்கக் கூடாது என்று சுற்றறிக்கை இருந்தது. மறுநாள் விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து தாள் வந்தது. சயாமாஜீ கூப்பிட்டு விசாரித்தார்.

"யார் உத்தரவு கொடுத்தது?"

"நான்தான்" என்றார் ரோஸ் சயாமா. "தோத்தவங்க கையைக் கழுவுறதுக்கு முன்னாடி கொடுத்தாத்தான் கை."

சயாமாஜீ அவரை ஒரு கணம் பார்த்தார். தாளை மீனுக்கு அடியில் வைத்தார். அந்த ஒரு முறை அந்த மீனை நான் வாழ்த்தினேன்.

பிறகு சயாமா ஓய்வு பெற்ற நாள் வந்தது. முற்றத்தில் பாய் விரித்து, பிள்ளைகள் அவர் முன்னால் கடோ செய்ய மண்டியிட்டார்கள். அவர் பதறிப்போய் எழுந்துவிட்டார். "எழுந்திரிங்க, எழுந்திரிங்க. நான் விழுந்து கும்பிடுறது ஒருத்தரத்தான், எனக்கு யாரும் விழக் கூடாது. நின்னு கை கொடுங்க." பிள்ளைகள் வரிசையாக நின்று கை கொடுத்தார்கள். சிலர் அழுதார்கள், சிலர் விசிலை நினைவாகத் தரச் சொன்னார்கள். அருகில் இருந்த சயாமாஜீ புன்னகை மாறாமல் என்னிடம் சொன்னார்: "அவருக்கு இது பிடிக்காது. பிடிக்காததை இனி நாம் செய்யக் கூடாது."

மிகவும் கனிவான வாக்கியம். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

சயாமா அதன் பிறகு தங்கை வீட்டோடு மொல்மேனுக்குப் போய்விட்டார். பல ஆண்டுகள் விழாப் பக்கம் வரவில்லை. தங்கை காலமானதும் சென்ற ஆண்டு யாங்கோன் திரும்பி, மிங்கலாடோனில் மருமகள் முறையாகும் ஒரு பெண்ணின் வீட்டில் தங்கினார். சென்ற ஆண்டு விழாவுக்குப் போயிருக்கிறார். நான் கண் அறுவை செய்துகொண்டு படுத்திருந்ததால் எனக்குத் தெரியாது. இந்த மழைக்காலம் முடியும் தறுவாயில் அவரைப் பார்க்கப் போனபோதுதான் சொன்னார். அந்த வீட்டுக்கு மேலே பத்து நிமிடத்துக்கொரு தரம் விமானம் போகும். அது போகும்வரை வாயை மூடிக்கொண்டிருந்து, விட்ட இடத்தில் தொடர்வார்.

"போன வருசம் என்னைய எங்க உக்கார வச்சாங்க தெரியுமா தம்பி? கீழ, ஸ்பான்சர் கம்பெனிக்காரங்களோட. ஒரு சின்னப் பொண்ணு வந்து, ஆன்ட்டி நீங்க எந்த பேட்ச்னு கேக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க, சயாமா?"

"எல்லா பேட்ச்சுந்தான்னேன். அது ரெண்டடி பின்னால போயிருச்சு."

சிரித்தார். விமானம் ஒன்று போனது. அது போன பிறகு சிரிப்பு இல்லை.

"மகன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். ஆஸ்திரேலியா விசா வந்துருச்சு. பொங்கலுக்கு முன்னாடி போறேன். இந்த வயசுல போனா திரும்பவா போறேன்? ஒரே ஒரு தரம் அந்த மேடைல உக்காரணும் தம்பி. கும்பிட வேணாம், கூடை வேணாம். இத்தன வருசமும் நான் ஓரத்துலயே நின்னேனா, நான் பாத்ததெல்லாம் பிள்ளைங்களோட காதுதான். எல்லாருடைய காதும் எனக்கு அத்துப்படி. நேரா உக்காந்தா முகம் எப்படித் தெரியும்னு பாக்கணும்."

இதைவிடச் சிறிய கோரிக்கையை நான் என் பணிக்காலத்தில் பதிவு செய்ததில்லை. பதினாறாம் விதியின்படி எழுத்தில் கேட்டால் விழாவுக்கு முன்பே எழுத்தில் பதில் தர வேண்டும். எனவே எழுத்தில் கேட்டேன். ஒன்பதாம் விதியை மேற்கோள் காட்டி, சயாமாவின் பணிக்காலத்தையும் பயண நாளையும் குறிப்பிட்டு, ஒரே பக்கத்தில் முடித்தேன். நானே கொண்டுபோய் செயலாளரிடம் கொடுத்தேன்.

செயலாளர் நம்ம செல்வா. சங்கப் பதிவில் பர்மியப் பெயரோடு கோ ஸாவ் லின். பபேடானில் கைபேசிக் கடை வைத்திருக்கிறார். கெட்ட ஆள் இல்லை. மின்சாரம் இல்லாத நகரத்தில் ஆண்டுதோறும் இரண்டாயிரம் பேருக்குச் சோறு போட்டு விழா நடத்துகிறவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கடிதத்தை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அங்கிள், கடோ அவங்களுக்குப் பிடிக்காதுல்ல? நாங்க எல்லாம் கீழ விழும்போது அவங்க மேல உக்காந்திருந்தா அவங்களுக்குச் சங்கடம். எங்களுக்கு ஆநாடே."

ஆநாடே. அடுத்தவருக்குச் சங்கடம் கொடுத்துவிடுவோமோ என்ற கூச்சம். இந்த நாட்டின் நல்ல குணங்களில் ஒன்று. அதை வைத்து ஒருவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தவும் முடியும் என்பதை அன்றுதான் கண்டேன்.

"கும்பிட வேணாம்னாங்க செல்வா. உக்கார வேணாம்னு சொல்லல."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒம்பதாவது விதி உக்கார்றது. பதினொண்ணாவது விதி கும்பிடுறது. நடுவுல பத்து இருக்கு."

"பத்து என்னா அங்கிள்?"

"மைக் செட்டு."

செல்வா கடைப் பையனைப் பார்த்து பர்மிய மொழியில் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். "அங்கிள், நீங்க ஆபீஸ விட்டீங்க, ஆபீஸ் உங்கள விடல. கெய்சா மஷிபூ, ஒண்ணும் பிரச்சினை இல்ல. கமிட்டில வைக்கிறேன்."

கமிட்டி இப்போதெல்லாம் கூடுவதில்லை. வைபர் செயலியில் ஒரு குழு இருக்கிறது. என் கடிதத்தைப் படம் எடுத்து அதில் போட்டார். எல்லாரும் பார்த்தார்கள். கட்டைவிரல் படங்கள் வந்தன. ஒருவர் பூங்கொத்துப் படம் போட்டார். அதற்குக் கீழே சட்டைத் துணியின் விலை பற்றிய விவாதம் தொடங்கியது, அத்தோடு சரி. நான் ஒவ்வொரு வாரமும் கடைக்குப் போய்க் கேட்டேன். மூன்றாவது முறை செல்வா சொன்னார்: "அது சயாமாஜீ கிட்ட போயிருக்கு அங்கிள். அவங்கதான் சங்கத்துக்குப் புரவலர். அவங்க வார்த்தைய மீறி நான் நாற்காலி போட முடியுமா?"

சயாமாஜீ வீட்டுக்குப் போனேன். எண்பது கடந்துவிட்டது, கூந்தலில் பூ இருந்தது. தேநீர் வந்தது. என் கண் எப்படி என்று கேட்டார். முன்னறையில் சிறிய மேசை. மேசைமேல் அந்தக் கண்ணாடி எடை. ஓய்வு பெற்றபோது அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். மீன் கொஞ்சமும் வெளுக்கவில்லை. அதற்கு அடியில் என் கடிதம். என் தட்டச்சை எனக்குத் தெரியாதா?

"ரோஸ் மனம் நோகக் கூடாது, ஊ மாணிக்கம்" என்றார்.

"நாற்காலி இல்லாததுதான் நோகுது, சயாமாஜீ. அவரே கேட்கிறார்."

"கேட்பார். நல்லவர். நமக்காகக் கேட்பார். பிறகு மேடையில் உட்கார்ந்து கஷ்டப்படுவார்." ஒரு பிஸ்கட்டை என் பக்கம் நகர்த்தினார். "பார்ப்போம்."

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. ஒருவர் தன் வாயால் எனக்கு இது வேண்டும் என்கிறார். இன்னொருவர் கனிவோடு, இல்லை, உங்களுக்கு அது வேண்டாம் என்கிறார். மறுத்திருந்தால் மேல்முறையீடு செய்யலாம். இருபதாம் விதி அதற்குத்தான் இருக்கிறது. கனிவுக்கு எதிராக மேல்முறையீடு செய்ய எந்த விதியும் இல்லை.

விழா நாள் வந்தது. பதில் வரவில்லை. சயாமா வெள்ளைச் சட்டையும் கருநீலத் துணியும் கட்டி, காலையிலேயே வந்துவிட்டார். கழுத்தில் விசில். "பழக்கம்" என்றார். நான் அவரைக் கீழே உட்கார வைத்துவிட்டு மேடைக்கு ஏறி ஒவ்வொரு அட்டையாகப் படித்தேன். ஒருவேளை பதில் எழுத மறந்து, நாற்காலியை மட்டும் போட்டிருக்கலாமே. முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. மூன்றாம் வரிசையில் என் பெயர் இருந்தது. ஒன்பதாம் விதிப்படி அலுவலக எழுத்தருக்கும் நாற்காலி உண்டல்லவா! அந்த வரிசையின் இடது கோடியில் நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி நின்றது. சயாமாவின் பெயர் எங்கேயும் இல்லை.

செல்வாவைப் பிடித்தேன். காதில் கருவியும் கையில் நிகழ்ச்சி நிரலுமாக வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"என் நாற்காலிய அவங்களுக்குக் கொடு. நான் கீழ உக்கார்றேன்."

"அங்கிள், லைவ் ஓட ஆரம்பிச்சிடுச்சு. அட்டைல உங்க பேரு. கூடை உங்க பேருக்கு வரும். அவங்க உக்காந்தா படத்துல யாருன்னு கேப்பாங்க."

"யாருன்னு கேப்பாங்களா? இந்தப் பள்ளிக்கூடத்துல ரோஸ் சயாமா யாருன்னு கேப்பாங்களா?"

"கத்தாதீங்க அங்கிள், மைக் ஆன்ல இருக்கு."

சயாமாவிடமே போய்ச் சொன்னேன், என் நாற்காலியில் உட்காருங்கள் என்று. அவர் என்னை முறைத்தார். சேற்று மைதானத்தில் முந்நூறு பேரை இறக்கிய அதே முறைப்பு.

"உன் நாற்காலி எனக்கு எதுக்கு? எனக்குன்னு போட்டா உக்காருவேன். இல்லன்னா வேணாம்."

நான் மேலே போகவில்லை. அறிவிப்பாளர் என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். என் நாற்காலி காலியாக இருந்தது, என் கூடை அதன்மேல் உட்கார்ந்தது. கீழே ஸ்பான்சர் வரிசையில், மின்விசிறி சுற்றாத தூணுக்குப் பக்கத்தில், சயாமாவும் நானும். எங்களுக்குக் கம்பெனி பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் விசிறி ஆளுக்கொன்று கிடைத்தது. கடோ நடந்தது. இரண்டாயிரம் முதுகுகள் எங்கள் முன்னால் குனிந்தன. சயாமா தலை தாழ்த்தித் தன் வழக்கப்படி எதையோ முணுமுணுத்து வேண்டிக்கொண்டார்.

அடுத்தது பழைய டிரம் குழு. ஐம்பதைத் தொட்ட பெண்கள், பச்சைத் துணி கட்டி, டிரம்களைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடைக்கு முன்னால் அணிவகுத்தார்கள். அறிவிப்பாளர் "ஆரம்பியுங்கள்" என்றார். யாரும் அடிக்கவில்லை. மறுபடி "ஆரம்பியுங்கள்." குழுத் தலைவி மா சூ, இப்போது தையற்கடை நடத்துகிறார், மைக்கை வாங்கினார்.

"விசில் இல்லாம நாங்க ஆரம்பிச்சதே இல்ல. எங்க சயாமா எங்க?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. இரண்டு பெண்கள் ஓடி வந்து சயாமாவின் முழங்கையைத் தாங்கினார்கள். கைதட்டல் கூரையைத் தூக்கியது. என் கண்ணும் கலங்கியது, மறைக்கவில்லை. அவரை மேடைக்கு ஏற்றினார்கள். ஏற்றி, எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் தெரியுமா? இடது பக்கத் திரைக்கு அருகே. அந்தப் பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு நினைவில் இருந்த இடம் அதுதான். சயாமா விசில் ஊதினார். முதல் அடி விழுந்தது. நாலு வீட்டுக் கூச்சலும் வரிசையாக எழுந்தன. தலை நரைத்த ஆண்கள் பாயின்மேல் ஏறிக் குதித்தார்கள். முழு நிகழ்ச்சியும் முடியும்வரை, எண்பதைக் கடந்த அந்த அம்மாள் ஒலிபெருக்கிப் பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். அவருக்கு ஒரு முழம் தள்ளி, பின்னால், என் காலி நாற்காலி. அதில் என் கூடை.

இறங்கி வந்ததும் என்னிடம் சொன்னார்: "அதே காதுங்கதான் தம்பி. கொஞ்சம் பெருத்திருக்கு."

செல்வா பூரித்துப் போயிருந்தார். "பாத்தீங்களா அங்கிள்? எவ்வளவு மரியாத! இதுக்கு மேல என்னா நாற்காலி?" நான் சயாமாவுக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். நின்று பதில் சொல்லியிருந்தால் மைக்கில் கேட்டிருக்கும்.

எல்லாரும் பிரியாணிக்குப் போன பிறகு, நாற்காலிகளை அடுக்கத் தொடங்குமுன், "இப்ப போய் ஒரு நிமிசம் உக்காருங்க சயாமா, யாரும் இல்ல" என்றேன். "காலி மண்டபத்தப் பாக்கவா வந்தேன்?" என்றார். வாசலில் மா சூவும் மற்ற பெண்களும் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துவிட்டு டாக்சியில் ஏறினார்.

விமானம் ஏறும் நாளன்று மிங்கலாடோனுக்குப் போனேன். பெட்டி கட்டியாகிவிட்டது. மருமகள் கார் கொண்டுவரப் போயிருந்தார். சயாமா விசிலைக் கைப்பையில் போடுவதா, கழுத்தில் போடுவதா என்று யோசித்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். சோதனையில் எடுக்கச் சொல்வார்கள் என்றேன். "சொல்லட்டும், ஊதிக் காட்டுறேன்" என்றார். பிறகு கையை நீட்டினார். கொடுத்தேன்.

"அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தா சொல்லு தம்பி. என்னா எழுதினாங்கன்னு தெரிஞ்சுக்கணும்."

பதில் வந்தது. சைக்கிளில் பொருள் கொண்டு தருபவர் கொண்டுவந்தார். சங்கத் தாள், சங்க முத்திரை, சயாமாஜீயின் நடுங்காத கையெழுத்து. ஒன்பதாம் விதியின்படி கோரிக்கை ஏற்கப்பட்டது என்றும், மூன்றாம் வரிசையின் இடது கோடியில் நாற்காலி ஒதுக்கப்பட்டுள்ளது என்றும், அம்மையார் அரை மணி நேரம் முன்னதாக வருகை தந்து சிறப்பிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. கூடவே அழகான எழுத்தில் பெயர் அட்டை. மூன்றாம் வரிசையின் இடது கோடியில் ஒலிபெருக்கிப் பெட்டி நின்றதை நான் மேடையேறிப் பார்த்தவன். கடிதத்தின் தலையில் போட்டிருந்த தேதி, விழாவுக்கு ஒரு வாரம் முந்தியது.

நடைமுறை தெரியாதவர்களுக்கு இது கைத்தவறாகத் தோன்றும். எனக்குத் தோன்றாது. சங்கக் கோப்பில் இதன் நகல் இருக்கும். நாளை அதைப் புரட்டுகிறவர் என்ன புரிந்துகொள்வார்? கேட்டார், கொடுத்தோம், அம்மையார் வந்து உட்காரவில்லை. அவருக்கு அது பிடிக்காது என்பது எழுத்திலேயே உறுதியாகிவிடும். அடுத்த முறை எவரும் கேட்கக்கூடத் தேவையில்லை.

உள்ளே வரும் எந்தக் கடிதத்திலும், வலது மேல் மூலையில், அது கைக்கு வந்த நாளை மையால் எழுதிக் கையொப்பமிட வேண்டும். மாவ்பியில் நான் கற்ற முதல் பாடம் அது. எழுதினேன். படம் எடுத்து சயாமாவுக்கு அனுப்பினேன். கமிட்டியின் வைபர் குழுவிலும் போட்டேன். இந்த முறை யாரும் கட்டைவிரல் காட்டவில்லை. அந்தக் குறிப்பை இங்கேயும் பதிவு செய்கிறேன், கோப்பைப் பார்ப்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

சயாமாவின் விமானம் புறப்பட்டது போகியன்று. பதில் கைக்கு வந்தது மாட்டுப் பொங்கலன்று.